கடைசிப் பக்கத்தை வரைந்துவிட்டுப் போங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி இருபது கிலோமீட்டர்தான். தமிழில் காமிக்ஸ் என்றால் முதலில் சொல்ல வேண்டிய ஊர் அது. 1972-ல் அங்கே சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. 1984-ல் அவருடைய மகன் விஜயன், இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில், லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஒன்றரை ரூபாய் விலையில் வரத் தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கிற சங்கதி. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும். காசிருப்பவன் வாங்குவான், இல்லாதவன் அவனிடம் இரவல் கேட்பான். திரும்பி வரும்போது அட்டை இருக்காது.

அப்படிப் படித்து வளர்ந்தவர்களிலும் அவர்களுடைய பிள்ளைகளிலும் சிலர் இன்று தாங்களே வரைகிறார்கள். அச்சகத்தையும் ஏஜெண்டையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஒரு டேப்லெட்டும் இணையமும் போதும். வாரத்துக்கு ஒரு பக்கம் போடுகிறார்கள். படிக்கக் காசு கிடையாது. மெல்ல மெல்ல வாசகர்கள் சேருகிறார்கள். ஒரு வாரம் பக்கம் வரவில்லை என்றால் “என்ன ஆச்சு, உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்று விசாரிக்கிற அளவுக்கு நெருங்கிவிடுகிறார்கள். ஐந்து வருஷம், எட்டு வருஷம் இப்படியே ஓடுகிறது. அந்தப் படக்கதை மட்டும் ஒருநாளும் சம்பளமாக மாறுவதில்லை. ஏதோ ஒரு கட்டத்தில் வரைகிறவர் பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது.

அந்த இடத்தைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறேன். சோறு போடாத ஒரு படக்கதையை நிறுத்துவது வெட்கப்பட வேண்டிய காரியமே இல்லை. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். ஆனால் அது பாதியில் அறுந்துபோகக் கூடாது. கதையை ஒரு கரையில் சேர்த்துவிட்டு நிறுத்த வேண்டும். தமிழில் படக்கதை போடுகிறவர்களும் படிக்கிறவர்களும் இன்னும் சரியாகப் பழகிக்கொள்ளாத விஷயம் இது.

ஒரு பக்கத்துக்குள் எத்தனை இரவு

செண்பகத்தோப்பை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரம். நரை அணிலுக்காக 1988-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டின் வாசல் அது. 2021-ல் மேகமலையோடு சேர்த்து அந்தக் காடு புலிகள் காப்பகமும் ஆனது. ஒருவர் அந்த நரை அணிலை நாயகனாக வைத்து வாரம் ஒரு பக்கம் இணையத்தில் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் அவருக்குக் கணக்கு வேலை.

நரை அணிலை வரைவது சும்மா இல்லை. வீட்டுக் கூரையில் ஓடுகிற மூன்று கோட்டு அணிலைப் பெரிதாக்கிப் போட்டால் அது நரை அணில் ஆகாது. மூக்கிலிருந்து வால் நுனிவரை இரண்டடி நீளம் வரும். உடம்பெல்லாம் சாம்பலைத் தூவினாற்போல் நரை. பெரும்பாலும் தரைக்கு இறங்காமல் கிளைக்குக் கிளை தாவியே வாழும் பிராணி அது. அதனால் மர உச்சிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. நடுவில் நான்கு மரத்தை வெட்டினால் அந்த அணில் குடும்பத்துக்கு வழி அடைபட்டுப்போகும். இலையும் குச்சியும் வைத்து உயரத்தில் கூடு கட்டும். அடிவாரத்து மாந்தோப்புகளுக்கும் புளியமரங்களுக்கும் வரும். இதெல்லாம் கோட்டில் வர வேண்டுமானால் வரைகிறவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் அண்ணாந்து நிற்க வேண்டும். காட்டழகர் கோயில் பாதையில் என்னென்ன மரங்கள், எந்த மாதத்தில் ஓடையில் தண்ணீர் வரும், தேன் எடுக்கிற பளியர் குடும்பங்கள் காட்டை எப்படிப் பேசுகிறார்கள் என்றெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் பென்சில்.

முதலில் கதை. அதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் அணிலின் முகம், எதில் காடு, எதில் பேச்சே இல்லாமல் விடுவது என்று முடிவு செய்வதிலேயே ஒரு இரவு போய்விடும். பிறகு பென்சில், மை, நிறம். கடைசியில் பலூனுக்குள் எழுத்து. தமிழில் இது தனிப் பாடு. ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரு வார்த்தை போட்டாலே பலூன் நிறைந்துவிடும். வசனத்தைச் சுருக்கினால் பேச்சு மொழியின் உயிர் போய்விடும், சுருக்காவிட்டால் படம் மறைந்துவிடும். வேகமான கைக்கும் ஒரு வண்ணப் பக்கத்துக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆகும். வேலைக்குப் போய்வருகிறவருக்கு அது நான்கு இரவு. வருஷத்துக்கு ஐம்பது பக்கம் என்றால் ஐநூறு மணி நேரம். எட்டு வருஷம் இப்படிப் போனால் ஒரு முழுநேர ஊழியர் இரண்டு வருஷம் ஆபீஸில் உட்கார்ந்து செய்கிற வேலை அது, ஒரு ரூபாய் கூலி இல்லாமல்.

இதற்கிடையில் அவருக்குக் கல்யாணம் ஆகிறது. குழந்தை பிறக்கிறது. அம்மாவை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது. வீட்டுக் கடன் ஒன்று ஏறி உட்காருகிறது. விசேஷ வீட்டில் பார்க்கிற பெரியப்பா, “ஏப்பா, இன்னும் பொம்மைதான் போட்டுக்கிட்டு இருக்கியா?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் கேலி இல்லை, பிள்ளையைப் பற்றிய கவலைதான். அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்கிற தம்பிகளும் தங்கச்சிகளும் தமிழ்நாட்டில் நிறையப் பேர்.

படத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்?

படம் வரைந்து பிழைக்கவே முடியாத மண்ணா இது? இல்லையே. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவை (1898–1976) நினைத்துப் பாருங்கள். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, தமிழ்நாட்டுச் சுவர்களில் எல்லாம் காலண்டராகத் தொங்கின. அந்த ஓவியர்கள் தூரிகையை நம்பியே குடும்பம் நடத்தினார்கள். எப்படி முடிந்தது? காலண்டர் படத்தைப் பார்க்கிறவர் அதற்குக் காசு கொடுக்கவில்லை. நகைக்கடைக்காரரும் எண்ணெய் வியாபாரியும் ஜவுளிக்கடைக்காரரும் கொடுத்தார்கள். படத்துக்குக் கீழே கடையின் பெயர். ஆயிரக்கணக்கில் ஆர்டர், தீபாவளிக்கு முன்பே பேச்சு முடிந்துவிடும். படம் வீட்டுக்கு இலவசமாக வந்தாலும் ஓவியரின் கூலி எங்கோ ஓரிடத்தில் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது.

அதே ஊர் அச்சகங்களில் ஓடிய காமிக்ஸுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. ஒரு பையன் மிட்டாய்க் காசைச் சேர்த்துக் கொடுப்பதுதான் மொத்த வருமானம். மட்டமான தாளில், ஒரே நிறத்தில் அடித்தால்தான் கட்டும். புதிதாக ஓவியரை உட்காரவைத்து நூறு பக்கம் வரையச் சொன்னால் அவருக்கு மாதக்கணக்கில் கூலி கொடுக்க வேண்டும். இரும்புக்கை மாயாவியோ 1962 முதல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் வந்த கதை. ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. அவருடைய கூலி அங்கேயே தீர்ந்துபோன பிறகு, மறுபதிப்பு உரிமையை மட்டும் வாங்கி, மொழிபெயர்த்து, பலூனில் தமிழ் எழுதினால் புத்தகம் தயார். இதற்காகச் சிவகாசிக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அந்தக் கணக்கைப் போடாவிட்டால் நமக்கு மாயாவியும் இல்லை, ஸ்பைடரும் இல்லை, டெக்ஸ் வில்லரும் இல்லை. ஆனால் விளைவு என்ன? காமிக்ஸை உயிராக நேசிக்கிற ஒரு வாசகர் கூட்டம் தமிழில் உருவானது. காமிக்ஸ் வரைவது மட்டும் ஒரு தொழிலாக உருவாகவில்லை. வாண்டுமாமா எழுத, செல்லம் வரைந்த சித்திரக்கதைகள் வந்தன. 1984-ல் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு ‘பூந்தளிர்’ சிறுவர் இதழ் வந்து, சில ஆண்டுகளில் நின்றது. நம் ஓவியர்கள் தொடர்கதைக்குப் படம் போட்டும் அட்டை வரைந்தும்தான் வாழ்ந்தார்கள்.

சுப்பாண்டியை எல்லாருக்கும் தெரியும். திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதி அனுப்பிய கதைகளில் பிறந்தவன். அவனுக்கு உருவம் கொடுத்து, ஊரெல்லாம் தெரியவைத்தது மும்பையின் ‘டிங்கிள்’ சிறுவர் இதழ். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும்.

இணையம் வந்தபோது இந்தக் கணக்கு மாறும் என்று நம்பினோம். காலண்டருக்கு நகைக்கடைபோல இணையப் பக்கத்துக்கு விளம்பரம் என்றார்கள். கூகுளின் ஆட்சென்ஸ் திட்டம் 2003-ல் தொடங்கியது. அதில் தமிழ் சேர்க்கப்பட்டது 2018-ல். நடுவிலிருந்த பதினைந்து ஆண்டுகள், தமிழில் எழுதி வரைந்து பக்கம் நடத்தியவர்களுக்கு அந்த வாசல் முறைப்படி திறக்கவே இல்லை. திறந்தபோது வாசகர்கள் செல்பேசியில் சமூக ஊடகங்களுக்குப் போயிருந்தார்கள். அங்கே படம் போடுகிறவருக்கு விளம்பரப் பங்கு அநேகமாக வருவதே இல்லை. மாதாமாதம் வாசகர்கள் சிறு தொகை கொடுத்து ஆதரிக்கிற பேட்ரியான் முறை 2013-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கே அதை வைத்துப் பிழைக்கிற படக்கதைக்காரர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி அமலுக்கு வந்ததும், கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகிற ஏற்பாடுகளுக்குத் தனியாக ஒப்புதல் பதிவு தேவைப்பட்டது. பணம் பறிபோவதைத் தடுக்க வந்த நல்ல விதிதான். ஐம்பது ரூபாய், நூறு ரூபாய்ச் சந்தாவை நம்பியிருந்தவர்களுக்கு அது இன்னொரு முட்டுக்கட்டை ஆனது.

இந்தியாவில் படக்கதையே பிழைப்பாக அமைந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். நாக்பூர்க்காரர் ரோஹன் சக்கரவர்த்தி. பல் மருத்துவம் படித்தவர். 2010-ல் ‘கிரீன் ஹியூமர்’ என்று காட்டுயிர்களை வைத்துக் கேலிச்சித்திரத் தொடர் தொடங்கினார். இன்று அவர் பெயர் தெரியாத காட்டுயிர் ஆர்வலர் குறைவு. பத்திரிகைகளில் பத்தி, புத்தகங்கள், கூடவே காப்பகங்களுக்கும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளுக்கும் அவர் வரைந்து கொடுக்கிற சித்திர வரைபடங்கள். காலண்டர் கணக்கு இங்கே திரும்ப வந்துவிடுகிறது, பாருங்கள். படத்தை வேண்டி விரும்பிக் காசு கொடுக்க ஒரு மூன்றாம் கை கிடைத்தது. செண்பகத்தோப்பு நரை அணிலுக்கும் அப்படி ஒரு கை கிடைக்கலாம். கிடைக்கும் என்று நம்பி ஒருவர் எத்தனை வருஷம் இரவு விழிப்பது என்பதற்கு மட்டும் யாரும் கணக்குச் சொல்ல முடியாது.

நிறுத்தியவர்கள்

முடிவு என்பது வாசகனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ‘இரத்தப் படலம்’ சாட்சி. பெல்ஜியத்திலிருந்து வந்த ‘எக்ஸ் ஐ ஐ ஐ’ தொடரைத் தமிழில் அந்தப் பெயரில்தான் லயன் கொண்டுவந்தது. நினைவிழந்த ஒருவன், தோளில் பச்சை குத்திய எண்ணை வைத்துக்கொண்டு தான் யார் என்று தேடுகிறான். 80-களில் தமிழில் தொடங்கிய கதை, விட்டு விட்டுத் துண்டு துண்டாக வந்தது. ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவில் வாசகன் பள்ளியை முடித்தான், வேலைக்குப் போனான். 2010-ல் பதினெட்டு பாகங்களையும் சேர்த்து ஒரே தடிப் புத்தகமாக லயன் வெளியிட்டபோது, அரை டிராயரில் தொடங்கியவர்கள் பிள்ளைகுட்டிக்காரர்களாக அதைக் கையில் வாங்கினார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கதையின் மிச்சத்தை மனசில் சுமந்திருக்கிறார்கள். ஒரு கதையைப் பாதியில் விட்டுப் போகிறவர் அந்தச் சுமையைத்தான் வாசகன் தலையில் வைத்துவிட்டுப் போகிறார். தெரிந்து யாரும் செய்வதில்லை. அடுத்த வாரம் போட்டுவிடலாம், தேர்வு முடியட்டும், குழந்தைக்குக் காய்ச்சல் விடட்டும் என்று தள்ளித் தள்ளி ஒரு வருஷம் ஆகிவிடுகிறது. அதற்குப்பின் எந்த முகத்தோடு வருவது என்ற கூச்சம். நின்றுபோன பல தொடர்களின் கதை இப்படித்தான் இருக்கும்.

காமிக்ஸுக்கு வெளியே, நிறுத்துவது பற்றித் தமிழில் பெரிய பாடம் எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவிடம் இருக்கிறது. 1959 ஜனவரியில் அவர் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் தமிழில் இடம் பிடித்துக் கொடுத்த பத்திரிகை. இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்பது தொடக்கத்திலேயே அவர் வைத்துக்கொண்ட தீர்மானம். விற்பனைக்கு வளைந்துகொடுக்காமல் இருப்பதற்குத் தனக்குத்தானே போட்டுக்கொண்ட வேலி அது. தன்னுடைய பிரசுரத்தின் புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். மாதாந்திரமாக வந்தது பின்னால் காலாண்டிதழ் ஆனது. 1970-ல், 119-ஆவது இதழோடு நின்றது. அவருக்கு அது ஒரு காலத்திலும் வருமானம் தரவில்லை.

அவர் செய்த இரண்டு காரியங்களை இணையத்தில் வரைகிற நம் பிள்ளைகள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒன்று, பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தபோதே, 1962-ல், அதில் வந்த கவிதைகளைத் தொகுத்து ‘புதுக்குரல்கள்’ என்று புத்தகமாக்கினார். எழுத்து இதழ் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காத எத்தனையோ வாசகர்களுக்கு அந்தக் காலத்துக் கவிதை போய்ச் சேர்ந்தது அந்தத் தொகுப்பு வழியாக. இரண்டாவது, நிறுத்திய பிறகு அவர் ஓயவில்லை. சுதந்திரப் போராட்ட காலத்தை வைத்து ‘சுதந்திர தாகம்’ என்று மூன்று பாக நாவல் எழுதி, எண்பத்தைந்து வயதில், 1997-ல், தானே வெளியிட்டார். அடுத்த ஆண்டு காலமானார். 2001-ல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது வந்தது. மாதாமாதம் பத்திரிகையின் பாரத்தைச் சுமந்துகொண்டே அந்த நாவலை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்தில் ‘சிரித்திரன்’ சுந்தர். சிவஞானசுந்தரம் என்பது பெயர். 1924-ல் பிறந்தவர். பம்பாய்க்குக் கட்டடக்கலை படிக்கப் போனவர் அங்கே பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்தார். இலங்கை திரும்பியபின் அவர் உருவாக்கிய கேலிச்சித்திரப் பாத்திரம் ‘சவாரித் தம்பர்’ யாழ்ப்பாணத்தாரின் வீட்டு மனிதராகவே ஆகிவிட்டார். 60-களின் தொடக்கத்தில் கொழும்பில் அவர் ஆரம்பித்த ‘சிரித்திரன்’ இதழ் பிறகு யாழ்ப்பாணத்துக்கு இடம் மாறி, ஒரு மனிதரின் கையையும் பிடிவாதத்தையும் நம்பியே முப்பது ஆண்டுகள் போல ஓடியது. போர் வந்து சூழ்ந்த காலத்தில் நின்றது. 1996-ல் அவர் மறைந்தார். அவருக்குக் கடைசி இதழை ஆற அமரத் திட்டமிடுகிற வாய்ப்பை அந்த மண்ணின் நிலைமை கொடுத்திருக்காது. ஆனால் சிரித்திரன் இதழ்கள் பலவற்றை ‘நூலகம்’ என்ற ஈழத்து இணைய ஆவணத் திட்டத்தில் இன்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பிறத்தியார் யாரோ பழைய பிரதிகளைத் தேடி எடுத்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்ததால் சவாரித் தம்பர் பிழைத்தார்.

கனடாவின் கேட் பீட்டன் ‘ஹார்க்! எ வேக்ரன்ட்’ என்ற இணையப் படக்கதையை 2007-ல் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் அவர் கல்லூரிக் கடனை அடைப்பதற்காக ஆல்பர்ட்டா மாகாணத்து எண்ணெய் மணல் சுரங்கங்களில் வேலை பார்த்துவந்தார். தொடக்ககாலப் படங்களில் பல ஷிப்ட் முடிந்து வரைந்தவை. பிறகு அந்தப் படக்கதை அவருக்குப் பேரும் புத்தகங்களும் கொடுத்தது. பதினொரு வருஷம் கழித்து, 2018-ல், இத்தோடு இது போதும் என்று சொல்லி முடித்துக்கொண்டார். பழைய பக்கங்களை அப்படியே வாசகர்களுக்கு விட்டுவைத்தார். 2022-ல் அந்தச் சுரங்க நாட்களைப் பற்றி ‘டக்ஸ்’ என்ற பெரிய சித்திர நூலைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அதற்கு ஐஸ்னர் விருதும் கிடைத்தது. அவர் நிலைமையும் நம் ராஜபாளையத்துக் கணக்குப்பிள்ளையின் நிலைமையும் ஒன்றில்லைதான். ஆனாலும் ஒன்றை ஒழுங்காக முடித்தவருக்கு அடுத்ததைத் தொடங்கத் தெம்பு இருக்கிறது என்பதை அவரிடமும் செல்லப்பாவிடமும் ஒருசேரப் பார்க்கிறேன்.

எப்படி முடிப்பது

நிறுத்துவது என்று மனசு முடிவு செய்ததும் முதலில் செய்ய வேண்டியது, மிச்சக் கதையை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது. தொடங்கியபோது நினைத்த இருநூறு பக்கத்துக் கதையை இப்போது இருபது பக்கத்தில் முடிக்க முடியுமா? அநேகமாக முடியும். வாசகனுக்கு வேண்டியது நாயகனின் கதி. நரை அணில் தன் தோப்புக்குத் திரும்பினானா, வெட்டுப்பட்ட மரங்களுக்கு நடுவில் வழி கண்டானா என்று தெரிந்தால் போதும். கிளைக்கதைகளை விட்டுவிடலாம். இருபதுகூட முடியாது என்றால் ஐந்து. அதுவும் முடியாது, கை ஓடவில்லை என்றால் மிச்சக் கதையை வசனமாகவே எழுதி, பென்சில் கோட்டுப் படங்களோடு போட்டுவிடுங்கள். நிறம் தீட்டாத முடிவுக்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து, முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். இன்னும் இத்தனை பக்கம், சித்திரையில் முடிகிறது என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் மனசு தயாராகும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்ல விரும்பினால் உள்ளதைச் சொல்லலாம். இதில் வருமானம் இல்லை, வீட்டுக்கு நான் வேண்டும் என்று ஒருவர் எழுதினால், தமிழ்நாட்டில் அதைப் புரிந்துகொள்ளாத குடும்பஸ்தர் யார்?

மூன்றாவது விஷயம்தான் அதிகம் கைவிடப்படுகிறது. எல்லாப் பக்கங்களையும், பெரிய அளவில், வரிசை எண்ணோடு ஓரிடத்தில் சேர்த்து வைப்பது. இணையத்தில் போட்டாயிற்று, அது இருக்கும் என்று நம்பாதீர்கள். லட்சக்கணக்கானவர்கள் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டிஸை 2009-ல் மூடினார்கள். கூகுள் பிளஸ் 2019-ல் போயிற்று. இணைய முகவரிக்கு வருஷக் கட்டணம் கட்ட மறந்தால் எட்டு வருஷ உழைப்பு ஒரே நாளில் காணாமல் போகும். சமூக ஊடகத்தில் மட்டும் போட்டிருந்தால் அங்கே சுருங்கிய படம்தான் மிஞ்சும், அதுவும் வரிசை கலைந்து. ஆகவே ஒரு பிடிஎஃப் கோப்பு. அதற்கு நாலு பிரதி, நாலு வீட்டில். படத்துக்குள் இருக்கும் வசனத்தைத் தேடுபொறிகள் எளிதில் கண்டுபிடிக்காது என்பதால், பக்கவாரியாக வசனத்தைத் தனியே தட்டச்சு செய்து கூடவே வைத்தால் இன்னும் நல்லது. பத்து வருஷம் கழித்து ஒரு மாணவி ‘நரை அணில் படக்கதை’ என்று தேடினால் கிடைக்க வேண்டுமே.

அச்சுப் புத்தகங்களைக் காக்க நமக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் தன் ஆயுள் முழுக்கச் சேர்த்ததில் பிறந்த நூலகம். ஈழத்து எழுத்துக்கு மேலே சொன்ன ‘நூலகம்’. தமிழ் இணையப் படக்கதைகளையும் இப்படி யாராவது தேடி எடுத்து, வரைந்தவர்களின் அனுமதியோடு சேர்த்து வைக்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கல்லூரித் தமிழ்த்துறையோ நூலகமோ இந்த வேலையை எடுத்துக்கொண்டால், காமிக்ஸுக்குத் தாய்வீடான சிவகாசிக்கு அது பொருத்தமான மரியாதையாக இருக்கும்.

இனி வாசகர்கள். ஒரு படக்கதை முடியப்போகிறது என்று அறிவிப்பு வந்தால், “ஐயோ, ஏன் நிறுத்துறீங்க, இன்னும் கொஞ்ச நாள் போடுங்க” என்று எழுதத்தான் கை போகும். அன்பினால் எழுதுவதுதான். வரைகிறவருக்கு அந்த வரிகள் கடன்காரர் வாசலில் வந்து நிற்பதுபோல இருக்கும். அதற்குப் பதில் எந்தப் பக்கம் உங்களுக்குப் பிடித்தது, எந்த ஊரில் எந்த ராத்திரியில் அதைப் படித்தீர்கள் என்று எழுதுங்கள். எட்டு வருஷத்தில் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே சம்பளம் அதுதான், முழுசாகக் கொடுத்துவிடுவோம்.

காசாகவும் கொடுக்க ஒரு சந்தர்ப்பம் வரும். முடிந்த கதையைப் புத்தகமாக்குவது தொடர்கிற கதையை நடத்துவதைவிடச் சுலபம். பக்கங்கள் எல்லாம் தயார், எத்தனை பக்கம் என்று தெரியும், அச்சுச் செலவு இன்னது என்று சிவகாசியில் ஒரு காலைப்பொழுதில் கேட்டு வந்துவிடலாம். எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதுதான் வரைந்தவரின் ஒரே பயம். 2012 ஜனவரியில் ‘கம்-பேக் ஸ்பெஷல்’ என்று லயன் மறுபடி எழுந்து வந்ததிலிருந்து, முன்பதிவையும் சந்தாவையும் பெரிதாக நம்பித்தான் சிவகாசியில் காமிக்ஸ் வந்துகொண்டிருக்கிறது. புத்தகம் கைக்கு வரும் முன்பே பணம் கட்டுகிற வாசகர்கள் அவர்கள். ராஜபாளையத்திலோ மதுரையிலோ மானாமதுரையிலோ ஒரு தங்கச்சி தன் இணையப் படக்கதையை முடித்துவிட்டு, புத்தகம் போடுகிறேன், இருநூறு பேர் முன்பணம் கட்டினால் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கேட்டால், அந்த இருநூறில் ஒருவராக முதல் நாளே பெயரைக் கொடுங்கள்.